தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

கதவு வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதுதான். அதைக் கேட்காமல் நான் ஒரு கதவிலும் துளை போட்டதில்லை. படுக்கையறைக்கு உள்ளே, சாமான் அறைக்கு வெளியே, குளியலறைக்கு உள்ளே. எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பழகாத கை அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடும், பிறகு மரத்தில் ஓட்டை மிஞ்சும். மெழுகு வைத்து அடைக்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் ஆட்கள் என் வீட்டுக் கதவுகளைப் படம் எடுத்தபோது ஒருவர், "அவசரத்துல மாட்டின மாதிரி இருக்கு" என்றார். அது உண்மையில்லை ஐயா. மற்றபடி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதை மட்டும் எழுத வேண்டாம்.

மேசைமேல் இருக்கும் சின்ன ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. நல்லது. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி, பதறாமல் சொல்கிறேன். பதறாமல் பேசுவது எனக்கு இயல்பு. அதற்கு ஒரு நிபுணரின் சாட்சியமே இருக்கிறது, பிறகு வருகிறேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான் அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் பொருத்தும் ஒப்பந்தக்காரன். மனைவி, துணி துவைக்கும் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு, "உங்க சிரமம் எனக்கு நல்லாப் புரியுது சார்" என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வாள். வீட்டுக்கு வரும்போது கையிருப்பில் இருந்த புரிதல் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். மூன்றாவது ஆள் அவள் தம்பி. வேலை கிடைக்கும்வரை தங்குகிறேன் என்று வந்தவன், வேலை கிடைத்த பிறகும் தங்கிவிட்டான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. பகல் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று சொல்லிவிட்டு, சொல்ல முடியாமல் போனதையெல்லாம் எங்களிடம் வந்து சொல்வான். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கும் பொத்தான் மட்டும் கிடையாது. நான்காவது, மகள். பிசியோதெரபி கடைசி வருடம்.

எங்கள் சண்டைகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி காரணம் எதுவும் இருக்காது. ஈரத் துண்டு, டிவி ரிமோட், கழுவாத டம்ளர். ஈரத் துண்டில் ஆரம்பித்தால், எங்கள் கல்யாணத்தில் என் அண்ணன் யாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதில் போய் முடியும். ஒருமுறை மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "சார், யார் பக்கம் நியாயம்னு நாங்க மேல ஓட்டெடுப்பே நடத்திட்டோம். கொஞ்சம் மெதுவா பேசினீங்கன்னா தூங்குவோம்" என்றார். அடுத்த வாரமே எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டுவிட்டேன். சுற்றிலும் ரப்பர். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே ஊசி விழும் சத்தம்கூடக் கேட்காது. பிரச்சினையில் பாதியை அப்போதே தீர்த்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

மகள் அந்தக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வெளியில இருக்கறவங்களுக்குக் கேக்காம பண்ணிட்டீங்க. உள்ள இருக்கறவங்களுக்கு என்னப்பா பண்ணப் போறீங்க?"

அந்த ஆன்லைன் ஆலோசனையைக் கண்டுபிடித்தவள் அவள்தான். வாரம் ஒருநாள், திரையில், மொத்தக் குடும்பத்துக்கும். பழைய கதையைக் கிளறி அழவைக்க மாட்டோம், அன்றாடம் கைகொடுக்கும் பயிற்சிகள் மட்டும் என்று அவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கைவேலைக்காரனுக்கு அது பிடிக்காமல் போகுமா. சேருவதற்கு முன் மகள் ஒரு வார்த்தை சொன்னாள். "இது முடியறதுக்குள்ள வீட்ல சத்தம் நிக்கலைன்னா நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்பா. மிரட்டல் இல்ல. சும்மா சொல்றேன்."

அவள் போய்விடக் கூடாது. நான் சொல்வதில் வேறு எது உங்களுக்குப் புரியாவிட்டாலும் அது ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள் ஐயா. நான் செய்த அத்தனையும் அதற்காகத்தான்.

முதல் அமர்வின்போது நான் ஒரு கட்டடத்தில் வேலையில் இருந்தேன். போனில் சேர்ந்துகொண்டேன். தூசி நிறைய இருந்ததால் கேமராவை அணைத்துவிட்டேன். வீட்டிலிருந்து மற்ற மூவரும் ஒரே சோபாவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசகர் இளம்பெண், பின்னால் ஒரு தொட்டிச் செடி, அதற்கும் பின்னால் ஒரு டேபிள் ஃபேன். பேச்சு எப்படியோ ஈரத் துண்டுக்கு வந்தது. மனைவி அவள் தரப்பைச் சொன்னாள். நானும் என் தரப்பைச் சொன்னேன். ரேடியோ குறுக்கே வந்தான், அவனுக்கும் சில விஷயங்களை விளக்கினேன். நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் துளை போட்டுக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சாரத்தில் நின்ற பெயின்டர் இறங்கி வந்து என் தோளில் கை வைத்து, "விடுங்கண்ணே, உடம்புக்கு ஆகாது" என்றார். காலிக் கட்டடத்தில் எதிரொலி அதிகம்.

அமர்வு முடியும்போது ஆலோசகர் சொன்னார்: "இந்த வீட்ல ஒருத்தர்தான் குறுக்கே ஒரு வார்த்தை பேசாம எல்லாரையும் முழுசா கேட்டிருக்கார். சார், உங்களைத்தான் சொல்றேன். இந்தப் பொறுமை லேசுல வராது."

போனைப் பார்த்தேன். மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. ஆரம்பத்திலிருந்தே மைக் அணைந்திருந்திருக்கிறது. சொல்லித் திருத்தலாமா என்று யோசித்தேன். ஆனால் நீங்களே நினைத்துப் பாருங்கள். இதற்கென்றே படித்தவர், இதையே தொழிலாகச் செய்கிறவர், ஒரு மணி நேரம் கூர்ந்து கவனித்துவிட்டுச் சொல்கிறார். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் முகத்தைக் கடைக் கண்ணாடிகளில் பார்த்துக்கொண்டே போனேன். பொறுமைசாலியின் முகம்தான். இத்தனை வருடம் நானே கவனிக்கவில்லை.

அடுத்த அமர்வில் அவர் என்னை அமைதிக் காவலர் ஆக்கினார். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரை அப்படி வைப்பது அவர்கள் வழக்கமாம். மனைவி சிரித்துவிட்டாள். "இவரா? டாக்டரம்மா, உங்களுக்கு இவரோட நெட் கனெக்ஷன்தான் தெரியும், இவரைத் தெரியாது." அவர், "நான் டாக்டர் இல்லம்மா" என்பதை மட்டும் திருத்தினார். மற்றதைத் திருத்தவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிகள் எளிமையானவை. கோபம் வந்தால் அதற்கு ஒன்றிலிருந்து பத்துவரை மார்க் போட வேண்டும். "நீ இப்படிப் பண்ணிட்டே" என்று பேசக் கூடாது, "எனக்கு இப்படி ஒரு உணர்வு வருது" என்றுதான் தொடங்க வேண்டும். மனம் அலைபாய்ந்தால் சுற்றிலும் இருக்கும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறும் அறை. யாருக்கு மார்க் ஏறுகிறதோ அவர் எழுந்து தனி அறைக்குப் போய் உட்கார்ந்து ஆற வேண்டும். காவலர் வெளியே நின்று மார்க் கேட்க வேண்டும். மூன்றுக்குக் கீழே இறங்கினால் வெளியே வரலாம். அதை ஏன் இன்னொருவர் கேட்க வேண்டும் என்று ரேடியோ மடக்கினான். ஆலோசகர் சொன்ன பதில் எனக்கு அப்படியே மனப்பாடம். "கோபத்துல இருக்கறவங்களுக்குத் தங்களோட கோபம் தெரியாது. அவங்க காதுக்கு அவங்க குரல் சாதாரணமாத்தான் கேக்கும். அதனால மார்க்கை இன்னொருத்தர் சரிபார்க்கணும்."

எவ்வளவு பெரிய உண்மை. மூன்று பேரையும் பார்த்தேன். ஒருவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சாமான் அறையை ஆறும் அறை ஆக்கினோம். ரேடியோவே முதல் ஆளாக உள்ளே போனான். வெளியிலிருந்து ஐந்து பொருள்களைக் கேட்டேன். "ஒண்ணும் தெரியல மாமா, கும்மிருட்டா இருக்கு" என்றான். இருட்டு என்பதை ஒரு பொருளாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதா என்று யோசித்து, கடைசியில் ஒரு பல்பு மாட்டினேன். மனைவியும் இரண்டு தடவை போய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். "உள்ள நல்லா தூக்கம் வருதுங்க" என்றாள். மகள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் உள்ளே போனதுண்டா என்று கேட்கிறீர்கள். காவலர் உள்ளே போனால் மார்க்கை யார் சரிபார்ப்பது.

தாழ்ப்பாள் போட வேண்டி வந்ததற்குக் காரணம் ரேடியோதான். ஒருநாள் உள்ளே அனுப்பினேன். நான் மார்க் கேட்கப் போவதற்கு முன்பே ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறான். "மாமா, ரெண்டு மார்க்குக்கு வந்துட்டேன். தாகமா இருந்துச்சு." தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்கிறவனை எந்தப் பள்ளிக்கூடம் ஏற்கும். அன்று மாலையே சாமான் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். சாமான் அறைக்கு அது வெளியேதான் இருக்க வேண்டும். முறைப்படி செய்த வேலை.

மகள் பயிற்சிக்காக வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் போயிருந்தாள். அவள் திரும்பும்போது வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நான் மனதில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். ஒரே அறை போதாது என்று தோன்றியது. படுக்கையறைக் கதவில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"பெட்ரூமுக்கு எதுக்குங்க வெளிய தாழ்ப்பாள்?"

"ஒரு முன்னேற்பாடு."

"யாரை உள்ள போடப் போறீங்க?"

"யாருக்குக் கோபம் வருதோ அவங்க."

"எனக்கு இப்பவே வருது."

அவளே சொன்னது ஐயா, நான் சொல்லவைக்கவில்லை. கோபம் வந்தால் படுக்கையறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொள்வது அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே வழக்கம். அன்றும் அப்படியே செய்தாள். கதவைச் சாத்தியது அவள். நான் செய்தது, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கம்பியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தியது மட்டும்தான்.

நீங்கள் உட்காரச் சொல்வது கேட்கிறது. நின்றால் மூச்சு ஒழுங்காக வரும், அதனால் நிற்கிறேன்.

அவளிடம் ஒழுங்காக மார்க் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். முதலில் பத்து என்றாள். பிறகு பதினைந்து என்றாள், அப்படி ஒரு மார்க்கே கிடையாது. மறுநாள் தந்திரம் கற்றுக்கொண்டு, "சைபர், சைபர், கதவைத் திறங்க" என்றாள். சைபர் என்ற அந்தக் குரலில் கதவின் மேல்கீல் ஆடியது. சைபரில் இருப்பவர் கதவை உதைப்பாரா, நீங்களே சொல்லுங்கள். இறங்கினால் திறக்கலாம் என்றுதான் காத்திருந்தேன். இறங்கவில்லை. திறக்காததால்தான் கோபம் இறங்கவில்லை என்று ரேடியோ வாதம் செய்தான். அப்படிப் பார்த்தால் காய்ச்சல் போகாததால்தான் மருந்து தருகிறோம், மருந்தை நிறுத்தினால் காய்ச்சல் போய்விடுமா.

"மாமா, அக்காவை விடுங்க. விளையாட்டு போதும்" என்று அவன் என் கையைப் பிடித்தான். பிடி இறுகிக்கொண்டே போனது. எட்டு மார்க் இருக்கும். சாமான் அறைக்கு வழிகாட்டினேன். ஆனால் படுக்கையறைகளைப்போல அங்கே கழிவறை வசதி இல்லை என்பதை நான் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருந்தேன். கொஞ்ச நேரத்தில், "மாமா, அவசரம், ஒரு நிமிஷம்" என்று கெஞ்சினான். திறந்துவிட்டேன். ஓடிப்போய்த் தானாகவே குளியலறைக்குள் புகுந்துகொண்டான். அந்தக் கதவில் காலையிலேயே வெளித்தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன், அங்கே என் மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது. குளியலறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடுவது இத்தனை வருடத் தொழிலில் அதுதான் முதல் தடவை. கை தயங்கியது. ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன்.

இருவரின் போனும் ஹாலில் சார்ஜரில் பத்திரமாக இருந்தன. யாரையும் பட்டினி போடவில்லை. ஒவ்வொரு கதவின் அடியிலும் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு அறுத்து, சின்னக் கீல் வைத்து, மேலே தூக்கும்படி ஒரு சிறிய கதவு போட்டேன். விளிம்பு நான்கையும் உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்தேன். உள்ளேயிருந்து கை நீட்டும்போது சிராய் ஏறிவிடக் கூடாது பாருங்கள். உங்கள் ஆள் அதைத் தடவிப் பார்க்காமலேயே அவசர வேலை என்று சொல்லிவிட்டார். மனைவியின் ஆபீசுக்குப் போன் செய்து, அவளுக்குத் தொண்டை சரியில்லை, பேச முடியாது என்றேன். நான் சொன்ன நேரத்தில் அது உண்மையாகவும் ஆகியிருந்தது. எதிர்முனையில் இருந்த பெண், "உங்க சிரமம் எனக்கு நல்லாப் புரியுது சார்" என்றாள். ரேடியோவின் பள்ளியில் யாரும் அவனைத் தேடவில்லை. நிம்மதியாக இருந்தார்கள் போலிருக்கிறது.

முன்னேற்றம் இருந்ததா என்றால், இருந்தது. குளியலறையிலிருந்து ரேடியோ ஒருநாள், "மாமா, எனக்கு உங்க மண்டையை உடைக்கணும்போல ஒரு உணர்வு வருது" என்றான். வாசகம் முழுக்கச் சரி. 'எனக்கு' என்று தொடங்கியிருக்கிறான், என்மேல் குற்றம் எதுவும் சுமத்தவில்லை, உணர்வைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறான். நான் கதவுக்கு வெளியே நின்று கைதட்டினேன். அதற்குப் பிறகு அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பொத்தான் இருந்திருக்கிறது, இடம்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்த வார அமர்வில் நான் மட்டும் சோபாவில் உட்கார்ந்தேன். சோபா பெரிதாக இருந்தது. "மத்தவங்க எங்க சார்?" என்றார் ஆலோசகர். எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள் என்றேன். "ரொம்ப நல்லது. தனக்குன்னு ஒரு இடம் ரொம்ப முக்கியம்" என்றார். பிறகு காதைச் சாய்த்து, "பின்னாடி என்ன சத்தம்?" என்று கேட்டார். கதவு வேலை நடக்கிறது என்றேன். பொய்யா ஐயா அது. சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். "சத்தத்தோட சண்டை போடாதீங்க. அது பாட்டுக்கு வரட்டும், அது பாட்டுக்குப் போகட்டும். மழையைக் கேக்கற மாதிரி கேளுங்க." அருமையான பயிற்சி. அன்றிலிருந்து அந்தத் தட்டல் எனக்கு மழையாகிவிட்டது. உங்களுக்கும் சொல்லித் தருகிறேன், உங்கள் முகத்தில் களைப்புத் தெரிகிறது.

இப்போது இந்தத் தண்ணீர் டம்ளர் விழுந்ததற்குக் காரணம் இந்த மேசையின் ஒரு கால் குட்டையாக இருப்பது. அடியில் ஒரு சிறு மரத்துண்டு வைத்தால் சரியாகிவிடும். வாசலில் இன்னொருவரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். வேலை இருக்குமானால் என்னால் தடைபட வேண்டாம்.

மகள் வந்ததைச் சொல்ல வேண்டும்.

தோளில் பையோடு உள்ளே வந்து, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னொன்றைக் கழற்றாமல் நின்றாள். அந்த நேரம் அவள் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், ரேடியோவும் சத்தமில்லை. சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. அவள் அந்த வீட்டில் வளர்ந்தவள், அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. "என்னப்பா, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. நான் செய்ததெல்லாம் அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஐயா. பார்த்துவிட்டேன். யாரும் அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு படுக்கையறைக் கதவின் அடியில் இருந்த சின்னக் கதவு தூக்கிக்கொண்டது. அதிலிருந்து அவள் அம்மாவின் கை வெளியே வந்து தரையைத் தடவியது. வளையல்தான் முதலில் சத்தம் போட்டது.

மகள் கத்தவில்லை. மெல்ல நடந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டாள். நான் குறுக்கே நின்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண் என் முகத்தில் எதையோ தேடுவதுபோல் இருந்தது. "சரிப்பா. நான் போறேன். யாரையாவது கூட்டிட்டு வரேன்" என்றாள். குரல் ஏறவே இல்லை. மார்க் போட்டால் ஒன்றுகூடத் தேறாது.

அதுதான் என்னைச் சங்கடத்தில் மாட்டியது. அவள் போகக் கூடாது. ஆனால் கோபம் இல்லாதவரை ஆறும் அறைக்கு அனுப்ப விதியில் இடமில்லை. வாசலை மறித்துக்கொண்டு அவளுக்குக் கோபம் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆகவே வரவழைத்தேன். அவள் கையில் இருந்த போனை வாங்கி, பாத்திரம் ஊறிக்கொண்டிருந்த தொட்டியில் போட்டேன். படிப்பு, பாடம், படம் எல்லாம் அதில்தான் வைத்திருந்தாள். அப்போது வந்தது. ஏழு இருக்கும். பிறகுதான் அவளை அவள் அறைக்கு அழைத்துப் போனேன். தள்ளினேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். முழங்கையில் இருக்கும் காயம் கதவு நிலையில் பட்டது. அந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் தயாராக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அவள் வெளியூர் கிளம்பிய அன்றே போட்டுவிட்டேன். படுக்கையறைக்கும் முன்னால் போட்டது அதைத்தான். முன்னேற்பாடு என்று சொன்னேனே.

மறுநாள் கடைசி அமர்வு. ஆலோசகர் என்னை வாயாரப் பாராட்டினார். எங்கள் குடும்பத்தை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப் போவதாகச் சொன்னார். "இன்னிக்காவது எல்லாரையும் கூப்பிடுங்க சார். ஒரு தடவை கையசைச்சுட்டுப் போகட்டும்."

கேட்டது நியாயம்தானே. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். படுக்கையறைக் கதவுக்கு எதிரே பிடித்து, இது என் மனைவி என்றேன். குளியலறைக் கதவைக் காட்டி, இது மச்சான் என்றேன். மகளின் கதவைக் காட்டி, இது மகள், நேற்றுத்தான் சேர்ந்தாள் என்றேன். திரையிலிருந்து வந்த குரல் கேட்டு மூன்று சின்னக் கதவும் தூக்கிக்கொண்டன. மூன்று கை வெளியே வந்தது. அசைத்தார்கள் என்றுதான் சொல்வேன்.

ஆலோசகர் அசையவில்லை. வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். நெட் போய்விட்டது, படம் உறைந்துவிட்டது என்று நினைத்து ரூட்டரைப் பார்க்கப் போனேன். ஆனால் அவர் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, செடியில் இலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, "சார், உங்க அட்ரஸ் கொஞ்சம் சொல்றீங்களா? சர்டிபிகேட் அனுப்பணும்" என்றார். சொன்னேன். எதிரே டயர்க் கடை இருக்கும் என்று அடையாளமும் சொன்னேன். அழைப்புமணி அடித்தபோது கூரியர் என்று நினைத்து, கையெழுத்துப் போடப் பேனாவோடுதான் கதவைத் திறந்தேன். உங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

ஆகவே ஆம். நான்கு தாழ்ப்பாளையும் போட்டது நான். போனைத் தண்ணீரில் போட்டது நான். மூன்று பேரும் திறக்கச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது, திறக்காததும் நான்தான். யாரும் என்னைத் தூண்டவில்லை. எந்தக் கட்டத்திலும் நான் குரலை உயர்த்தவும் இல்லை, இப்போது உயர்த்தாததுபோலவே. தொண்டை கட்டியிருப்பது இந்த ஏசி ஒத்துக்கொள்ளாததால்.

மகளை ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டேன். பக்கத்து அறையில்தான் அம்மாவோடு இருக்கிறாள், நடுவில் வெறும் பலகைத் தடுப்பு, ஆரம்பத்திலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது என்றீர்கள். நல்லதாகப் போயிற்று என்றேன். அப்பா எவ்வளவு நிதானமாகப் பேசினார் என்று அவளே கேட்டிருப்பாள்.

"கேட்டாங்க. இப்பதான் பையை எடுத்துக்கிட்டு கிளம்பினாங்க" என்றீர்கள்.

ஹாஸ்டலுக்கா என்றேன். நீங்கள் ரெக்கார்டரைக் கையில் எடுத்து, முதலிலிருந்து ஓடவிட்டீர்கள்.

யாரோ ஒரு ஆள் பேசுகிறான். பேசுகிறான் என்று சொல்ல முடியாது, கட்டடம் இடிவதுபோல் இருக்கிறது. கதவு வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்கிறான், தாழ்ப்பாள் என்கிறான். ஒவ்வொரு சொல்லுக்கும் மேசையில் அறைவது கேட்கிறது. நடுநடுவே உங்கள் குரல், "மெதுவா சார், உக்காருங்க, மெதுவா" என்கிறது. அவன் காதில் போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. சொற்கள் என்னுடையவை, அதை ஒப்புக்கொள்கிறேன். குரல் யாருடையது ஐயா? பாவம், பத்துக்குப் பத்து. தன் கோபம் தனக்கே தெரியாத மனிதன். இப்படிப்பட்டவர்களிடம் நாம் கோபப்படக் கூடாது. ஓர் அறையில் தனியாக உட்காரவைத்து ஆறவிட வேண்டும். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கட்டும். மார்க்கை நான் வந்து சரிபார்க்கிறேன்.